தடமும் தீர்ப்பும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

பிறர்மீது ஐயம் கொள்வது எளிது. அந்த ஐயம் சரியா என்று ஆராய்வது அரிது. கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் உடனே உண்மையென நம்பித் தீர்ப்பு வழங்கியவர்களால் உலகில் விளைந்த துன்பங்கள் பல. துப்பறியும் கதை பொழுதுபோக்கிற்காக மட்டும் பிறந்ததன்று. தீர்ப்பைச் சற்றே தள்ளிவைத்துச் சான்றுகளைத் தேடு என்னும் அறிவுப் பயிற்சியை அது நமக்கு அளிக்கிறது. அக்கதை மரபில் விலங்குகளும் பறவைகளும் பெற்றுள்ள இடத்தை இப்பாடம் ஆராய்கிறது.

காணாமற்போன ஒட்டகம்

தமிழகத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் கதைகளுள் ஒன்று, அளகாபுரி அரசனையும் அவனுடைய நான்கு அமைச்சர்களையும் பற்றியது. அமைச்சர்களாவதற்கு முன்னர் அந்நால்வரும் வழிப்போக்கர்களாக நடந்துவந்தனர். வழியில் ஒட்டகம் ஒன்றின் கால்தடம் அவர்கள் கண்ணில் பட்டது. சற்றுத் தொலைவில், தன் ஒட்டகத்தைத் தொலைத்த வணிகன் ஒருவன் எதிர்ப்பட்டான். "உமது ஒட்டகத்துக்கு ஒரு கால் ஊனமோ?" என்று ஒருவர் வினவினார். "வலக்கண் குருடோ?" என்றார் மற்றொருவர். "வால் குட்டையோ?" என்றார் மூன்றாமவர். "வயிற்றுவலியால் வருந்துகிறதோ?" என்றார் நான்காமவர். நான்கும் உண்மையாக இருந்தன. ஆயினும், ஒட்டகத்தை நாங்கள் பார்க்கவே இல்லை என்றனர் அந்நால்வர். வணிகன் அவர்களையே கள்வர் எனக் கருதி அரசன்முன் நிறுத்தினான்.

அரசன் அவர்களைத் தண்டிக்கவில்லை, "பாராமலே எவ்வாறு அறிந்தீர்?" என்று கேட்டான். ஒரு காலின் தடம் மட்டும் மற்றவற்றினின்று வேறுபட்டிருந்தமையால் ஊனம் தெரிந்தது. பாதையின் இடப்பக்கத்துத் தழைகள் மட்டுமே மேயப்பட்டிருந்தமையால் வலக்கண் குருடு எனத் தெரிந்தது. கொசுக்கடியால் கசிந்த குருதித் துளிகள் வழியெங்கும் சிந்தியிருந்தமையால், ஓட்டுதற்கு உதவாத குட்டைவால் எனத் தெரிந்தது. முன்னங்கால்களின் தடம் ஆழமாகவும் பின்னங்கால்களின் தடம் மேலோட்டமாகவும் பதிந்திருந்தமையால், வலியால் உடலை ஒடுக்கி நடந்தமை தெரிந்தது. இவ்விளக்கத்தைக் கேட்ட அரசன் வியந்து அவர்களைத் தன் அமைச்சர்களாக்கிக்கொண்டான்.

இக்கதையில் நாம் கருதவேண்டிய செய்திகள் இரண்டு. முதலாவது, கூர்ந்து நோக்கும் ஆற்றல். நால்வரும் பார்த்த தடம் ஒன்றே. ஒவ்வொருவரும் அதில் ஒவ்வொரு செய்தியைப் படித்தனர். இரண்டாவது, அரசன் கேட்ட கேள்வி. அக்கேள்வி எழுந்திராவிடில், அறிவே குற்றமாகக் கருதப்பட்டு நான்கு உயிர்கள் அழிந்திருக்கும்.

நாயும் கீரியும் கற்பிக்கும் பாடம்

கதை அத்துடன் முடியவில்லை. ஒரு நள்ளிரவில் காவல் முறையில் இருந்த அமைச்சர் ஒருவர், அரண்மனைப் பள்ளியறையில் புகுந்த பாம்பைக் கொன்றார். அப்போது அரசியின்மேல் தெறித்த துளியைத் துடைக்க முற்பட்டார். விழித்த அரசி அதனைத் தவறாக உணர்ந்தாள். அரசனும் ஐயம் கொண்டான். ஒட்டக வழக்கில் பொறுமையுடன் வினவிய அதே அரசன், தனக்கென்று வந்தபோது வினவ மறந்தான். மற்ற அமைச்சர்கள் அவனது சினத்தைத் தணிக்கச் சில கதைகளைக் கூறினர்.

அவற்றுள் ஒன்று வேடனின் நாயைப் பற்றியது. கடனுக்கு ஈடாக வணிகனிடம் விடப்பட்டிருந்த நாய், அவனுக்குப் பேருதவி செய்தது. மனம் மகிழ்ந்த வணிகன், நன்றி கூறும் ஓலையொன்றை அதன் கழுத்தில் கட்டி உரியவனிடம் அனுப்பினான். நாய் வாக்குத் தவறி ஓடிவந்துவிட்டது என்று எண்ணிய வேடன் அதனைக் கொன்றான். பின்னரே கழுத்திலிருந்த ஓலை அவன் கண்ணில் பட்டது. சான்று அருகிலேயே இருந்தது. அதைப் பார்க்கும் பொறுமைதான் இல்லாமற்போயிற்று.

மற்றொன்று கீரிப்பிள்ளையின் கதை. தொட்டிலில் கிடந்த குழந்தையைத் தீண்டவந்த பாம்பைக் கொன்ற கீரி, குருதி தோய்ந்த வாயுடன் தாயை எதிர்கொண்டது. குழந்தையைக் கொன்றுவிட்டது எனக் கருதிய தாய் அதனை அடித்துக் கொன்றாள். குருதி உண்மையான சான்றுதான். ஆனால், அது யாருடைய குருதி என்னும் வினாவை அவள் எழுப்பவில்லை. சான்று பொய் சொல்வதில்லை. அதற்கு நாம் கூறும் பொருளே பிழைபடுகிறது.

இக்கீரியின் கதைக்குச் சிலப்பதிகாரத்திலும் இடமுண்டு. அடைக்கலக் காதையில் கோவலனின் நற்செயல்களை எடுத்துரைக்கும் மாடலன், கீரியைக் கொன்றதால் கணவனால் கைவிடப்பட்ட பார்ப்பனிக்குக் கோவலன் பொருள் ஈந்து, அவளது துயர் துடைத்துக் கணவனுடன் சேர்த்துவைத்ததைக் குறிப்பிடுகிறான். இளங்கோவடிகள் இதனை வைத்துள்ள இடம் எண்ணத்தக்கது. ஆராயாத தீர்ப்பின் விளைவைத் துடைத்தவனே, அடுத்த காதையிலேயே அத்தகைய தீர்ப்புக்கு இரையாகிறான். பொற்கொல்லனின் சொல்லை ஆராயாமல் ஏற்றான் பாண்டியன். கோவலன் கையிலிருந்த சிலம்பே அவன் கள்வன் என்பதற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது.

அவ்வழக்கை மறுபடி திறந்தவள் கண்ணகி. அவள் அரசு அலுவலரோ காவலரோ அல்லள். நீதி வேண்டிய ஒரு பெண். கண்ணீரோடு மட்டும் அவள் அவைக்குச் செல்லவில்லை. சோதித்தறியத்தக்க சான்றையும் கொண்டுசென்றாள். தன் சிலம்பின் உள்ளிருப்பவை மாணிக்கப் பரல்கள் என்றாள். அரசியின் சிலம்பில் இருப்பவை முத்துகள் என்றான் அரசன். சிலம்பு உடைக்கப்பட்டது, மாணிக்கம் தெறித்தது, உண்மை வெளிப்பட்டது. புறத்தோற்றத்தால் ஒன்றுபோலத் தோன்றும் இரு பொருள்களை அகத்தே உள்ள வேறுபாட்டால் பிரித்தறிவதே துப்பறிதலின் உயிர்நிலை. அந்த முறையை வழக்குரை காதை முழு வலிமையுடன் காட்டுகிறது. ஆனால், சான்று வந்தபோது கோவலன் உயிரோடு இல்லை.

தெரிந்து தெளிவோம்

திருக்குறளில் 'தெரிந்துதெளிதல்' 51ஆம் அதிகாரம்; 'ஒற்றாடல்' 59ஆம் அதிகாரம். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்பதும், ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்திருந்தால் அதனை ஏற்கலாம் என்பதும் வள்ளுவர் காட்டும் நெறிகள்.

உலக இலக்கியத்தில் விலங்குச் சான்று

அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1841ஆம் ஆண்டு வெளியிட்ட சிறுகதை, இன்றைய துப்பறியும் கதையின் தொடக்கமாகப் போற்றப்படுகிறது. பாரிசு நகரத்துத் தெரு ஒன்றில் நிகழும் கொலைகளைக் காவலரல்லாத தூப்பேன் என்பவர் ஆராய்கிறார். முடிவில் குற்றம் புரிந்தது மாலுமி ஒருவன் கொண்டுவந்த ஒராங்குட்டான் எனத் தெரிகிறது. அதற்கிடையே, குற்றமற்ற மனிதர் ஒருவர் சிறையில் வாடுகிறார். முதல் துப்பறியும் கதையிலேயே விலங்கு ஒன்றும் பொய்யான ஐயம் ஒன்றும் இடம்பெற்றமை குறிப்பிடத்தக்கது.

ஆர்தர் கோனன் டாயில் 1892இல் எழுதிய 'சில்வர் பிளேஸ்' என்னும் கதையில் பந்தயக் குதிரை ஒன்று இரவில் காணாமற்போகிறது. கொட்டிலில் இருந்த நாய் அன்றிரவு குரைக்கவில்லை. நடந்தவற்றையே எல்லாரும் ஆராய, ஷெர்லாக் ஹோம்ஸ் நடவாத ஒன்றை ஆராய்கிறார். நாய் குரைக்கவில்லை, ஆகவே வந்தவர் அதற்கு நன்கு அறிமுகமானவர். அதே கதையில், அண்மையில் சில ஆடுகள் நொண்டத் தொடங்கியமையும் அவருக்குத் துப்பாகிறது. பிறர் தற்செயல் எனத் தள்ளிய சிறுசெய்தி, உண்மையின் வாயிலாகிறது.

பின்னர் அகதா கிறிஸ்டி படைத்த மிஸ் மார்ப்பிள், சிற்றூரில் வாழும் முதிய பெண்மணி. அவர் முதன்முதலில் தோன்றிய முழுநீளப் புதினம் 1930இல் வெளிவந்தது. மனித இயல்பை ஊர்வாழ்விலேயே கற்றுக்கொண்ட அவர், அந்த அறிவையே கருவியாகக் கொள்கிறார். குருதியும் கொடுமையும் மிகாமல், ஊர், அண்டை அயல், தேநீர், தோட்டம் ஆகியவற்றின் நடுவே புதிரை அவிழ்க்கும் இவ்வகையை ஆங்கிலத்தில் 'கோசி மிஸ்டரி' என்பர். இதமான மர்மக் கதை என நாம் கூறலாம். 1966இல் லிலியன் ஜாக்சன் பிரவுன் தொடங்கிய புதின வரிசையில், இதழாளர் ஒருவருக்குச் சயாமியப் பூனை துப்பறியத் துணைநிற்கிறது. வளர்ப்பு உயிர்கள் உடன்வரும் இதமான மர்மக் கதைகளுக்கு அவ்வரிசை வழிவகுத்தது.

தமிழில் துப்பறியும் கதை

நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்து ஆங்கிலத்தில் அளித்த பண்டித நடேச சாஸ்திரி (1859–1906), அளகாபுரி அமைச்சர் கதையையும் மொழிபெயர்த்தார். தமிழில் துப்பறியும் கதைக்கு வித்திட்டவரும் அவரே. காவல் அதிகாரி ஒருவரின் துப்புகளைக் கூறும் அவரது 'தானவன்' 1894இல் வெளிவந்தது. ஒட்டகத்தின் தடத்தைப் படித்த பழங்கதையும், காவலர் தடயம் தேடும் புதுக்கதையும் ஒருவர் கையிலேயே சந்தித்தன.

அவரைத் தொடர்ந்து ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார், வை.மு. கோதைநாயகி அம்மாள் முதலியோர் மர்மப் புதினங்களைப் படைத்துப் பெருந்திரளான வாசகரை உருவாக்கினர். வடுவூராரின் 'திகம்பர சாமியார்' 1950இல் திரைப்படமாயிற்று.

தேவன் 1942இல் ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கிய 'துப்பறியும் சாம்பு' தனித்தன்மை வாய்ந்தது. வங்கி எழுத்தராக இருந்த சாம்பு, அறிவால் அன்றித் தற்செயலால் குற்றவாளியைப் பிடிக்கிறான். உலகமோ அவனை மேதை எனக் கொண்டாடுகிறது. நகைச்சுவையின் ஊடே, வெற்றியைக் கண்டு அறிவை முடிவுசெய்யும் நம் பழக்கத்தையும் தேவன் எள்ளி நகையாடுகிறார். தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ்–வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா என இம்மரபு பின்னரும் செழித்தது.

மேல்மலையில் ஒரு கற்பனை வழக்கு

இதுவரை கற்ற நெறிகளை ஒரு கற்பனைக் கதையில் பொருத்திப் பார்ப்போம். பழனிமலைத் தொடரில், கொடைக்கானலுக்கு அப்பால் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என மேல்மலை ஊர்கள் அமைந்துள்ளன. படிப்படியாகச் செதுக்கிய நிலங்களில் மலைப்பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளைகின்றன. வண்டி செல்லாத சரிவுகளிலிருந்து விளைச்சலைக் குதிரைகள் சுமந்துவருகின்றன. மார்கழி, தை மாதங்களில் புல்நுனிகளில் உறைபனி படர்கிறது.

பூண்டியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் வாழ்கிறார் எனக் கொள்வோம். அவர் வீட்டில் யாரைக் கண்டாலும் குரைக்கும் கிழநாய் ஒன்றும், நொண்டிப் பூனை ஒன்றும் உண்டு. கேட்ட ஒலியையெல்லாம் திருப்பிச் சொல்லும் மைனா ஒன்று நாள்தோறும் திண்ணைக்கு வந்துபோகும். காட்டுப் பறவைகளைக் கூண்டில் அடைத்தல் கூடாது என்பதை அறிந்தவராதலால், அதனை அவர் பிடித்து வைக்கவில்லை.

ஒரு தை மாதக் காலையில், பக்கத்து வீட்டு உழவர் தம் பரணில் உலரவைத்திருந்த பூண்டுக் கட்டுகள் பல குறைந்திருக்கக் கண்டார். முந்தைய நாள் சுமையேற்ற வந்த குதிரைக்கார இளைஞன்மீது ஊரார் ஐயம் கொண்டனர். அவன் வெளியூரான், ஏழை. "இரவில் நாய் குரைக்கவில்லை. ஆகவே, நாய்க்குப் பழகியவன்தான் எடுத்திருக்க வேண்டும். அவன்தான் நாய்க்கு நாள்தோறும் ரொட்டி போடுகிறவன்" என்றார் ஒருவர். கேட்டவர்களுக்கு அது வலிய சான்றாகத் தோன்றியது.

"ஐயா, குளிர் தாங்காது என்று நேற்று மாலையே நாயை என் அடுப்பங்கரையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டேன். அது குரைக்காதது எதையும் காட்டாது" என்றார் ஆசிரியை. நாயின் அமைதி சான்றாவதற்கு, நாய் அங்கே இருந்திருக்க வேண்டும் அல்லவா?

பின்னர் அவர் பாதையைப் பார்த்தார். ஊரைவிட்டு வெளியேறிய குதிரைக் குளம்புத் தடங்களின் உட்குழியிலும் உறைபனி கலையாமல் படர்ந்திருந்தது. ஆகவே, பனி படியும் முன்பே குதிரை சென்றுவிட்டது. "இதுவும் முழுச்சான்று ஆகாது, ஆள் மட்டும் நடந்து திரும்பியிருக்கலாம்" என்று அவரே கூறிக்கொண்டார். தமக்கு விருப்பமான முடிவையும் ஐயுறுதல் நேர்மையின் அடையாளம்.

அன்று திண்ணைக்கு வந்த மைனா, துருப்பிடித்த கீலின் கிறீச்சொலியை எழுப்பியது. ஊரில் அத்தகைய ஒலியுடையது, நெடுநாளாகப் பயன்படாதிருந்த உருளைக்கிழங்குக் கொட்டகையின் கதவு ஒன்றே. ஒருமுறை கேட்ட ஒலியைப் பறவை கற்பதில்லை. பன்முறை கேட்டே கற்கும். எனவே, அக்கதவு பல நாள்களாகத் திறந்து மூடப்பட்டிருக்க வேண்டும். வெளியே சென்று திரும்பிய பூனையின் மயிரிலோ உலர்ந்த பூண்டுத்தோல்கள் ஒட்டியிருந்தன. ஆசிரியையின் வீட்டிலோ பூண்டு தீர்ந்து பல நாளாயிற்று. ஒன்றையொன்று அறியாத இரு சாட்சிகள் ஒரே திசையைக் காட்டின.

கொட்டகையில் சாக்குகளுக்கு இடையே கட்டுகள் கிடைத்தன. அதன் திறவுகோல் உழவர் வீட்டிலேயே இருந்தது. ஆசிரியை ஊரைக் கூட்டவில்லை. உழவரின் மகனைத் தனியே அழைத்துப் பேசினார். தந்தை அறியாமல் வாங்கிய கைக்கடனை அடைக்கச் சில நாள்களாகச் சிறிது சிறிதாக எடுத்ததை அவன் ஒப்புக்கொண்டான். "உன் அப்பாவிடம் நீயே சொல்; நான் உடன் வருகிறேன். ஆனால், அந்தப் பிள்ளைமேல் பழி ஊர் நடுவே சொல்லப்பட்டது. அது நீங்குவதும் ஊர் நடுவேதான் நடக்க வேண்டும்" என்றார் ஆசிரியை. அன்று மாலை சுமையேற்ற வந்த குதிரைக்காரனிடம் உழவரே எல்லார் முன்னிலையிலும் வருத்தம் தெரிவித்தார்.

சான்றை எடைபோடும் முறை

இக்கற்பனைக் கதையில் நான்கு நெறிகள் புலப்படுகின்றன. ஒன்று, சான்று எச்சூழலில் தோன்றியது எனக் காணல். நாய் எங்கே இருந்தது என்னும் வினா இதற்கு எடுத்துக்காட்டு. இரண்டு, ஒரு சான்றுக்கு வேறு விளக்கமும் உண்டா எனத் தேடல். கீரியின் வாயிலிருந்த குருதி இதனைக் கற்பிக்கிறது. மூன்று, தனித்தனிச் சான்றுகள் ஒத்துள்ளனவா எனச் சரிபார்த்தல். இது வள்ளுவர் நெறி. நான்கு, உண்மை தெரிந்தபின் அதனை எவ்வாறு பயன்படுத்துவது என எண்ணல். பிழை செய்தவனைத் திருத்துவதும், பழி சுமந்தவனை விடுவிப்பதும் ஒரே கடமையின் இரு பக்கங்கள்.

விலங்குகள் இக்கதைகளில் இடம்பெறக் காரணம் யாது? அவை பொய் உரைப்பதில்லை. யாரையும் காப்பாற்றவோ பழிக்கவோ முனைவதில்லை. நடந்ததை நடந்தவாறே உடலில் ஏந்திவருகின்றன. ஆனால், அவை பேசா. அவற்றின்பொருட்டுப் பேசும் மனிதர் கூர்மையுடையவராகவும் நேர்மையுடையவராகவும் இருத்தல் வேண்டும். பசு மணியடித்தபோது அதன் பின்னே உள்ள துயரை ஆராய்ந்த சோழ மன்னனின் கதையை, பாண்டியன் அவையில் நின்று கண்ணகி எடுத்துரைத்தமைக்கும் இதுவே பொருள். பேசவியலாத உயிரின் வழக்கையும் கேட்ட நாடு தன் நாடு என்று அவள் நினைவூட்டினாள்.

இன்று கைப்பேசியில் வரும் ஒரு படம், ஒரு குரல்பதிவு, ஒரு வரிச் செய்தி ஆகியவை நொடியில் ஒருவரைக் கள்வராக்கிவிட வல்லவை. அவற்றைப் பிறருக்கு அனுப்புமுன், அளகாபுரி அரசன் நால்வரிடமும் கேட்ட கேள்வியை நாமும் கேட்போம்: இது எவ்வாறு தெரிந்தது?

சொல்லும் பொருளும்

பரண் – வீட்டின் மேற்பகுதியில் பொருள் வைக்கும் தட்டு. பரல் – சிலம்பின் உள்ளிடு மணி. ஈடு – கடனுக்கு அடகாக வைக்கும் பொருள். கீல் – கதவைத் தாங்கித் திருப்பும் இரும்பு இணைப்பு. துப்பு – மறைந்த உண்மையைக் காட்டும் குறிப்பு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் அல்லது தோட்டத்தில் காணும் விலங்குத் தடம் ஒன்றினைப் படமாக வரைந்து, அதிலிருந்து நீங்கள் அறிவனவற்றையும் அறிய இயலாதவற்றையும் தனித்தனியே பட்டியலிடுக.

2. 'குதிரைக்கார இளைஞனின் பார்வையில் அந்த ஒரு நாள்' என்னும் தலைப்பில் ஒரு பக்க அளவில் எழுதுக.

குறுவினா

1. நாய் குரைக்காமை 'சில்வர் பிளேஸ்' கதையில் சான்றாவதும், பூண்டிக் கதையில் சான்றாகாமையும் ஏன்?

2. துப்பறியும் சாம்புவின் வெற்றிக்கும் அளகாபுரி அமைச்சர்களின் வெற்றிக்கும் உள்ள வேறுபாடு யாது?

நெடுவினா

சிலப்பதிகாரத்தில் கீரிப்பிள்ளையின் கதை கோவலனின் முடிவுக்கு முன்னர் இடம்பெற்றுள்ளதன் பொருத்தத்தை, ஆராயாத தீர்ப்பு என்னும் கருத்தோடு இணைத்து விளக்குக.